கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கத்தைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு? நவஹோ நிலத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கிறது நவஹோ நேஷன். அந்த மண்ணின் பூர்வகுடிகள் தங்களை டினே என்று அழைத்துக்கொள்கிறார்கள். 1944 முதல் 1986 வரை இந்த நிலத்திலும் இதை ஒட்டிய பகுதிகளிலும் ஏறத்தாழ 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் போய்விட்டார்கள். 500-க்கும் மேற்பட்ட சுரங்கங்களும் அவற்றின் வாயிலில் கொட்டிய கழிவு மண்ணும் அங்கேயே இருக்கின்றன. டினே மொழியில் யுரேனியத்துக்கு 'லீட்சோ' என்று பெயர். மஞ்சள் மண் என்று பொருள்.

இதைச் சுத்தம் செய்ய வேண்டியது அரசாங்கம்தான் என்பதில் பெரிய சண்டை இல்லை. எந்த அரசாங்கம், அதில் எந்த அலுவலகம், எந்தச் சட்டப்படி, யார் காசில் என்று இறங்கிக் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 'பொறுப்பு' என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு கடமைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சுரங்கங்களில் ஒன்று சுத்தமாகி, மற்றது 50 ஆண்டுகளாகத் திறந்து கிடப்பது ஏன் என்று புரியும்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது?

நவஹோ நிலத்தில் வாழ்வதும் அதை ஆள்வதும் நவஹோ மக்கள். ஆனால் சட்டப்படியான உரிமைப் பத்திரம் பெரும்பாலும் அமெரிக்க மத்திய அரசின் பெயரில் இருக்கிறது. அரசு அதை மக்களுக்காகக் 'காப்பில்' வைத்திருக்கிறது. நம் ஊரில் மைனர் பிள்ளையின் சொத்துக்குக் கார்டியன் இருப்பார் அல்லவா, ஏறத்தாழ அதே ஏற்பாடு. இந்த உவமை நம்முடையது மட்டுமல்ல. 1831-இல் செரோக்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே பூர்வகுடிகளுக்கும் அரசுக்கும் உள்ள உறவைக் காப்பாளர் உறவோடு ஒப்பிட்டது. வளர்ந்த ஒரு சமூகத்தை மைனர் ஆக்கும் அந்தப் பார்வையில் உள்ள இழிவைத் தனியாகப் பேசலாம். இங்கே நமக்கு வேண்டியது அதன் சட்ட விளைவு மட்டும்.

யுரேனியம் எடுக்க ஒரு கம்பெனி வந்தால் நவஹோ நேஷனோடு குத்தகை போடும். அந்தக் குத்தகை செல்ல வேண்டுமானால் மத்திய அரசின் பூர்வகுடி விவகார அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். வெட்டிய தாதுவை வாங்கியதோ, பல ஆண்டுகளுக்கு ஒரே வாடிக்கையாளராக இருந்த அணுசக்தி ஆணையம். அதுவும் மத்திய அரசின் கைதான். ஆக பத்திரம் வைத்திருந்தது, குத்தகையை அனுமதித்தது, சரக்கை வாங்கியது, வேலையிடத்தைக் கண்காணித்திருக்க வேண்டியது எல்லாம் ஒரே அரசு.

அப்படியானால் 'காப்பாளர் கடமையில் தவறிவிட்டாய்' என்று நேராக வழக்குப் போட்டு ஜெயித்துவிடலாமே என்று தோன்றும். ஜெயிக்க முடியவில்லை. சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும் போட்ட பெகே வழக்கை 1985-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கதிரியக்க ஆபத்தைப் பற்றித் தொழிலாளர்களுக்கு எச்சரிக்கை கொடுப்பதா வேண்டாமா என்பது அரசின் கொள்கை முடிவு, அதற்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் 1990-இல் தொழிலாளர்களுக்கு இழப்பீடு தரும் தனிச் சட்டம் வந்தது. அது மனிதர்களுக்கான இழப்பீடு, மண்ணைத் தொடவில்லை. 2023-இல் தண்ணீர் தொடர்பான வேறொரு நவஹோ வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் கதவைச் சாத்தியது. ஒப்பந்தத்திலோ சட்டத்திலோ குறிப்பிட்டு எழுதாத ஒரு கடமையைக் காப்பாளர் உறவிலிருந்து மட்டும் வருவிக்க முடியாது என்றது.

அதனால்தான் இந்தத் துறையில் இருக்கும் வழக்கறிஞர்கள் காப்பாளர் கடமையைப் பேச்சுவார்த்தையில் அழுத்தம் கொடுக்க வைத்துக்கொள்கிறார்கள். காசு வாங்க வேறு சட்டத்துக்குப் போகிறார்கள்.

கழிவு இரண்டு வகை, சட்டமும் இரண்டு வகை

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. சுரங்கக் கழிவு வேறு, ஆலைக் கசடு வேறு.

தாதுவை எட்ட வேண்டும் என்றால் மேலே இருக்கும் பாறையையும் தரம் குறைந்த தாதுவையும் வெட்டி ஓரமாகக் கொட்ட வேண்டும். அது சுரங்கக் கழிவு. பார்க்கச் சாதாரண மண்ணும் கல்லும்தான்; வீடு கட்டக்கூட எடுத்தார்கள். நல்ல தாது ஆலைக்குப் போகும். அங்கே அரைத்து, பெரும்பாலும் அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தைப் பிரித்தெடுப்பார்கள். மிஞ்சும் சேற்று மணல்தான் ஆலைக் கசடு. யுரேனியத்தை எடுத்துவிட்டோமே, கசடில் என்ன இருக்கப்போகிறது என்று நினைக்க வேண்டாம். தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் கசடிலேயே தங்கிவிடுகிறது. தோரியமும் ரேடியமும் ஆலையைப் பொறுத்தவரை வேண்டாத பொருட்கள். அவை வெளியே போவதில்லை. ரேடியம்-226 பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். அது சிதையும்போது ரேடான் என்ற வாயு வரும். அந்த வாயுவை மூச்சில் இழுத்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம்.

ஆலைக் கசடுக்கு 1978-இல் தனிச் சட்டம் வந்தது. நவஹோ நிலத்தில் ஷிப்ராக், டியூபா சிட்டி, மான்யுமென்ட் வேலி, மெக்சிகன் ஹாட் என நான்கு பழைய ஆலைகள் அதன் கீழ் வந்தன. இந்தச் சட்டத்தில் பொறுப்பு பளிச்சென்று இருக்கிறது: எரிசக்தித் துறை சுத்தம் செய்ய வேண்டும். மற்ற இடங்களில் செலவில் 10 சதவீதத்தை மாநிலம் ஏற்க வேண்டும். பூர்வகுடி நிலத்தில் 100 சதவீதமும் மத்திய அரசு. வேலை முடிந்த பின் அந்த இடத்தை நிரந்தரமாகக் கவனிப்பதும் எரிசக்தித் துறையின் வேலையே. கசடு மூடிய மேடு குறைந்தது 200 ஆண்டு, முடிந்தால் 1,000 ஆண்டு தாங்க வேண்டும் என்பது விதி.

இந்தச் சட்டத்தில் சுரங்கங்கள் இல்லை. நான்கு ஆலைகளுக்குப் பொறுப்பாளர் கிடைத்தார். 500-க்கும் மேற்பட்ட சுரங்கங்களுக்குக் கிடைக்கவில்லை. அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் அதிகாரமும் ஆலையில்தான் தொடங்குகிறது, சுரங்க வாயிலில் இல்லை.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1979 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவில் சர்ச் ராக் ஆலையின் கசடுக் குளத்து அணை உடைந்தது. சுமார் 35 கோடி லிட்டர் அமிலக் கழிவு நீரும் 1,100 டன் கசடும் புவர்கோ ஆற்றில் இறங்கி நவஹோ நிலத்துக்குள் ஓடின. அதே ஆண்டு மார்ச்சில் நடந்த திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து உலகத்துக்கே தெரியும். இந்த விபத்தைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

சூப்பர்ஃபண்ட்: யாரைப் பிடிப்பது?

சுரங்கங்களுக்குக் கைகொடுப்பது 1980-இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம். நச்சுக் கழிவு கிடக்கும் இடம் தொடர்பாக இது நான்கு வகையினரைப் பிடிக்கும்: இடத்தின் இப்போதைய உரிமையாளர் அல்லது நடத்துநர், கழிவு கொட்டிய காலத்து உரிமையாளர் அல்லது நடத்துநர், கழிவை அங்கே சேர்க்க ஏற்பாடு செய்தவர், இடத்தைத் தேர்ந்து ஏற்றி வந்தவர்.

இதன் பிடி இறுக்கமானது. கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. சட்டம் வருவதற்கு முன் செய்ததற்கும் பொறுப்பு உண்டு. பத்துப் பேர் சேர்ந்து கெடுத்து ஒன்பது பேர் திவாலாகிவிட்டால், மிச்சமிருக்கும் ஒருவரிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். அரசுத் துறைகளும் தனியாரைப் போலவே இதற்குக் கட்டுப்பட்டவை.

கடைசியாகச் சொன்னதுதான் நவஹோ விஷயத்தில் திருப்பம். அரிசோனாவில் கேமரன் ஊர்ப்பக்கம் உள்ள 19 சுரங்கங்களைச் சுத்தம் செய்யும் செலவில் பங்கு கேட்டு எல் பாசோ இயற்கை எரிவாயு நிறுவனம் அரசின் மீது வழக்குப் போட்டது. நிலத்தின் பத்திரம் அரசின் பெயரில் இருக்கிறதே, அப்படியானால் அரசும் இந்தச் சட்டப்படி 'உரிமையாளர்'தானே என்பது வாதம். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2019-இல் செலவை நிறுவனத்துக்கு 65, அரசுக்கு 35 சதவீதம் என்று பிரித்தது. காப்பாளர் கடமை என்று மக்கள் கேட்டபோது கிடைக்காதது, காப்புப் பத்திரத்தைக் காட்டி ஒரு கம்பெனி கேட்டபோது கிடைத்தது. 2017-இல் ஃப்ரீபோர்ட்-மெக்மொரான் குழுமத்தின் இரு துணை நிறுவனங்கள் 94 சுரங்கங்களுக்காகச் செய்துகொண்ட, 60 கோடி டாலர் மதிப்புள்ள உடன்பாட்டிலும் ஏறத்தாழ பாதியை அரசு ஏற்றது.

நிறுவனங்கள் தப்பிக்கும் வழிக்கு ஒரு பாடப்புத்தக உதாரணம், இங்கே யுரேனியம் வெட்டிய கெர்-மெக்கீ நிறுவனம். பழைய கழிவுப் பொறுப்புகளையெல்லாம் ட்ரோனாக்ஸ் என்ற ஒரு கம்பெனியில் வைத்து 2006-இல் அதைத் தனியே பிரித்துவிட்டார்கள். லாபம் தரும் எண்ணெய்த் தொழில் வேறு பக்கம் போய், அதே ஆண்டு அனடார்கோவின் கைக்கு மாறியது. 2009-இல் ட்ரோனாக்ஸ் திவால். இது கடன் கொடுத்தவர்களை ஏமாற்றச் செய்த சொத்து மாற்றம் என்று 2013 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. 2014-இல் அனடார்கோ 515 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதில் ஏறத்தாழ 100 கோடி நவஹோ நிலத்திலும் அதை ஒட்டியும் உள்ள 50 சுரங்கங்களுக்கு.

யாருமே கிடைக்காத சுரங்கம்? அங்கேதான் சூப்பர்ஃபண்ட் என்ற பெயருக்குக் காரணமான நிதி வர வேண்டும். எண்ணெய், ரசாயனக் கம்பெனிகள் மீதான வரியில் ஓடிய அந்த நிதிக்கு 1995 முடிவில் வரி காலாவதியானது. 2021, 2022 சட்டங்கள்தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தன. இடையில் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்னொரு தடையும் உண்டு. இந்த நிதியிலிருந்து முழு அளவிலான நிரந்தரச் சீரமைப்புக்குப் பணம் வர வேண்டுமானால் இடம் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் ஏற வேண்டும். பட்டியலில் ஏறும் வழக்கமான வழி 28.50 மதிப்பெண் வாங்குவது. அந்த மதிப்பெண் போடும் முறையில் சுற்றிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது பெரிய பங்கு வகிக்கிறது. மைலுக்கு ஒரு வீடு இருக்கும் மேய்ச்சல் நிலம் அதில் சுலபமாகத் தோற்றுவிடும். நவஹோ நிலத்திலுள்ள லுகாசுகாய் மலைச் சுரங்கப் பகுதி இந்தப் பட்டியலில் ஏறியது 2024 மார்ச்சில்தான்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், சுமார் 523 சுரங்கங்களில் ஏறத்தாழ 230-க்குத்தான் ஆய்வையும் சீரமைப்பையும் தொடங்கப் பணம் கிடைத்திருக்கிறது. எது அதிக ஆபத்து என்ற வரிசையைவிட, யாருடைய வாரிசு நிறுவனம் இன்னும் காசோடு இருக்கிறது என்ற வரிசையில்தான் வேலை நகர்கிறது.

களத்தில் என்ன நடக்கிறது?

2007-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று துறைகளை வரிசையாக நிற்கவைத்துக் கேள்வி கேட்டது. அதன் பிறகுதான் ஐந்து மத்திய அமைப்புகள் சேர்ந்து ஐந்தாண்டுத் திட்டம் போட்டன. இப்போது 2020–2029 பத்தாண்டுத் திட்டம் ஓடுகிறது. முன்னால் நிற்பது மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அதோடு நவஹோ நேஷனின் சொந்தச் சுற்றுச்சூழல் முகமையும் உண்டு.

முதல் வேலை அளப்பது. சோடியம் அயோடைடு படிகம் வைத்த காமா மீட்டரைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் பிடித்துக்கொண்டு, ஜிபிஎஸ்ஸோடு, நேர்க்கோடு நேர்க்கோடாக நடப்பார்கள். மெதுவாக நடக்க வேண்டும். வேகமாகப் போனால் சின்னச் சூடான திட்டு தப்பிவிடும். நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று மீட்டர் எண்ணும். பிறகு சில இடங்களில் மண் எடுத்து ஆய்வகத்தில் ரேடியத்தை அளந்து, துடிப்புக்கும் ரேடியத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிடுவார்கள்.

இங்கே பிழை நுழையும் இடம் 'பின்னணி அளவு'. எல்லா மண்ணிலும் கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. யுரேனியம் விளையும் பாறையில் கூடுதலாகவே உண்டு. அதனால் சுரங்கம் தொடாத, ஆனால் அதே வகைப் பாறையுள்ள ஒரு திட்டை ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டும். காற்றில் தூசு வந்து படிந்த இடத்தையோ, தாது மேலே துருத்திக்கொண்டிருக்கும் இடத்தையோ எடுத்துவிட்டால் பின்னணி உயர்ந்துவிடும். கழிவு கிடக்கும் மண்ணும் 'இயல்பு' என்று காகிதத்தில் வந்துவிடும். ஆலைக் கசடு விதியில் மேல் 15 செ.மீ. மண்ணுக்கு, பின்னணிக்கு மேல் கிராமுக்கு 5 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் ஒரு சிறிய அலகு) ரேடியம் என்பது எல்லை. எல்லை எவ்வளவு கறாராக இருந்தாலும் அது பின்னணி மீதுதான் ஏறி நிற்கிறது. பொதுக்கூட்டத்தில் முதல் கேள்வியாக ஒப்பீட்டுத் திட்டு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது பிழை, வாழும் முறையைத் தப்பாகக் கணக்கிடுவது. ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் புறநகர் வீட்டுக்காரரை மனதில் வைத்து எழுதியது. ஆடு மேய்க்கிறவர், அந்த ஆட்டின் ஈரலையும் குடலையும் சமைத்துச் சாப்பிடுகிறவர், சடங்குக்கும் மருந்துக்கும் மூலிகை பறிக்கிறவர், மண்தரை வீட்டில் படுக்கிறவர் அதில் இல்லை. இவற்றைச் சேர்த்தால் அனுமதிக்கும் அளவு குறையும், தோண்ட வேண்டிய மண் கூடும், செலவு ஏறும். ஆகவே மதிப்பீட்டில் எந்த வாழ்க்கையை எழுதுகிறார்கள் என்பது தொழில்நுட்ப விஷயம் போலத் தெரிந்தாலும் பணவிஷயம்.

தண்ணீரிலும் இப்படி ஓர் ஓட்டை இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் யுரேனியம் இருக்கக்கூடாது. ஆனால் குடிநீர்ச் சட்டம் பொது விநியோகத்துக்குத்தான்: 15 இணைப்பு, அல்லது 25 பேர். கால்நடைக்காகப் போட்ட காற்றாடிக் கிணறு அதில் வராது. குழாய் இல்லாத வீட்டுக்காரர் அந்தக் கிணற்றில்தான் டிரம்மில் பிடித்துக்கொண்டு போயிருப்பார்.

அளந்த பிறகு வழி இரண்டு. முதல் வழி பட்டியலில் ஏறி, முழு ஆய்வு செய்து, முடிவு ஆவணம் எழுதி, நிரந்தரச் சீரமைப்புக்குப் போவது. நவஹோ சுரங்கங்களில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது வழியான 'அகற்றல் நடவடிக்கை'. மாற்று வழிகளின் செலவையும் பலனையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிடுவார்கள். குறைந்தது 30 நாள் மக்கள் கருத்துச் சொல்லலாம். பிறகு முகமை நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்துப் போடும். வீட்டுச் சுவரிலோ தரையிலோ சுரங்கக் கல் இருந்தால் காத்திருக்காமல் அவசரமாகவே இடிக்கலாம். அப்படி 50-க்கும் அதிகமான வீடுகளும் கட்டடங்களும் இடிக்கப்பட்டன அல்லது மாற்றிக் கட்டப்பட்டன.

அந்த 30 நாள் ரொம்பக் குறைவு. அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில். மூத்தவர்கள் பலருக்கு நவஹோ மொழிதான் வசதி; 'ஐசோடோப்' என்பதற்கு மொழிபெயர்ப்பாளர் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். கால நீட்டிப்பு எழுத்து மூலம் கேட்டால் கிடைப்பதுண்டு, கேட்க வேண்டும் என்று தெரிந்தால். சுதந்திரமான நிபுணரை அமர்த்திக்கொள்ள மக்கள் குழுவுக்குத் தரும் தொழில்நுட்ப உதவி மானியம் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கும் அல்லது சேர்க்க முன்மொழிந்த இடங்களுக்குத்தான். பட்டியலுக்கு வெளியே இருக்கும் நூற்றுக்கணக்கான சுரங்கங்களின் அண்டை வீட்டார் இதையும் இழக்கிறார்கள்.

மூடுவதா, ஏற்றிக்கொண்டு போவதா?

சண்டையெல்லாம் கடைசியில் இங்கே வந்து நிற்கும். மக்கள் கேட்பது ஒன்று: எங்கள் நிலத்தைவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள். செலவுக் கணக்கு சொல்வது வேறு: ஒரே இடத்தில் குவித்து மூடிவிடலாம்.

மூடுவது என்றால் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு வருவதல்ல. ஆலைக் கசடு மேடுகளில் கழிவைக் குவித்துச் சரிவு கொடுத்து, மேலே களிமண் அடுக்கை ரோலர் போட்டு இறுக்குவார்கள். ரேடான் மெதுவாக ஊடுருவி வெளியே வருவதற்குள் பெரும்பகுதி சிதைந்துவிட வேண்டும் என்பது கணக்கு. ரேடான் பாதியாக 3.8 நாள் போதும். அதன் மேல் மணல் ஜல்லி, அதற்கு மேல் மழை அரிக்காமலிருக்கக் கருங்கல். சில இடங்களில் இந்தக் கல்லே வினையாகிறது. கல் இடுக்கில் தூசு சேர்கிறது, வெயில் படாத ஈரம் தங்குகிறது, புதர் முளைக்கிறது, வேர் களிமண்ணைத் துளைக்கிறது. அடிப்பக்கம் இன்னொரு கதை. ஷிப்ராக், டியூபா சிட்டி மேடுகளுக்குக் கீழே தடுப்பு விரிப்பு கிடையாது. நிலத்தடி நீர் கெட்டது தனிப் பிரச்சினையாக இன்றும் தொடர்கிறது.

ஏற்றிக்கொண்டு போவதும் சும்மா இல்லை. நார்த்ஈஸ்ட் சர்ச் ராக் சுரங்கத்தில் மட்டும் சுமார் 7.6 லட்சம் கன மீட்டர் கழிவு. ஒரு லாரி 15 கன மீட்டர் ஏற்றும் என்று வைத்தால் 50,000 நடை. எங்கே கொட்டுவது? பக்கத்தில் இருக்கும் பழைய சர்ச் ராக் ஆலைக் கசடு மேட்டின் மேலேயே என்று முடிவானது. ஆலை இடம் அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமத்தில் இருப்பதால் அதன் ஒப்புதல் வேண்டும். அது 2023-இல்தான் வந்தது. ஆலை இருப்பது தனியார் நிலம், ஆகவே கழிவு நவஹோ நிலத்தைவிட்டுப் போனது என்று காகிதம் சொல்லும். அங்கே வீடு வைத்திருப்பவருக்குக் கழிவு பள்ளத்தாக்கின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போயிருக்கிறது. 2025 ஜனவரியில் கிவிரா சுரங்கக் கழிவைத் தோரோ ஊருக்கு அருகிலுள்ள ஒரு குப்பைக் கிடங்கு வளாகத்துக்குக் கொண்டுபோக முடிவெடுத்தபோது, அந்தப் பக்கத்து மக்கள் எதிர்த்தார்கள். ஓர் ஊரின் வெற்றி இன்னோர் ஊரின் வாசலில் லாரியாக வந்து நிற்கிறது.

மூடிய பிறகு?

மெக்சிகன் ஹாட்டில் இருக்கும் கசடு மேட்டுக்கு, வேலி அறுந்தாலும் கல் சரிந்தாலும் வந்து பார்க்க எரிசக்தித் துறையில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அகற்றல் நடவடிக்கையில் மூடிய சுரங்கத்துக்கு அப்படி ஒரு நிரந்தரக் கவனிப்பாளர் தானாக வருவதில்லை. உடன்பாட்டில் எழுதிய கம்பெனியோ, அறக்கட்டளையில் போட்ட பணமோ இருக்கும் வரைதான். ஆகவே வரைவு அறிக்கை கையில் வந்ததும் மாற்று வழிகளின் அட்டவணைக்குப் போகும் முன்பே பின்பக்கம் புரட்டி, பராமரிப்புச் செலவு எத்தனை ஆண்டுக்குக் கணக்கிடப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். செலவு ஒப்பீட்டில் வழக்கமாகப் போடும் எண் 30 ஆண்டு. அந்த எண் கூடினால் மூடுவது மலிவு என்ற கணக்கே மாறும். மண்ணை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறவர்களின் வாதம் பெரும்பாலும் இந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்குகிறது.